கூரையில் பாஸம், கடையில் கங்காரு

சிட்னியின் மேற்குப் புறநகரில் வாடகைக்கு வீடு எடுத்த புதிதில், எங்கள் கூரையில் பாசம் குடியிருந்தது. அன்பு பாசம் இல்லை. பாஸம் என்கிற பிராணி. பூனை அளவு, உருண்டைக் கண், புசுபுசு வால். இரவு பதினொரு மணிக்கு மேல் சீலிங்குக்குள் கபடி ஆடுவது போலச் சத்தம். பொறி வைத்துப் பிடித்து, காரில் ஏற்றி, தூரத்துப் பூங்கா ஒன்றில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னதும் அவர் பதறிப்போனார். அது சட்டப்படி குற்றமாம்.

விசாரித்தால் உண்மைதான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாஸத்தைப் பிடிக்க உரிமம் வேண்டும். பிடித்தாலும், பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள், அன்றைக்கே பொழுது சாய்ந்த பின் விட்டுவிட வேண்டும். விக்டோரியாவில் இன்னும் மோசம், 50 மீட்டர்தான். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் அது வேறொரு பாஸத்தின் எல்லைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஒளிய இடமில்லாமல் பெரும்பாலும் செத்துப்போகும். சரி, பக்கத்திலேயே விட்டால் திரும்ப நம் கூரைக்கே வராதா? வரும். அதனால்தான் முதலில் மரத்தில் ஒரு பெட்டி கட்டி அதற்கு மாற்று வீடு கொடுத்துவிட்டு, அப்புறம் கூரை ஓட்டையை அடைக்கச் சொல்கிறார்கள்.

அதே வாரம் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். கோழிக்கும் ஆட்டுக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் தட்டில் கங்காரு இறைச்சி. கொத்துக்கறி தனி, சதைத் துண்டு தனி. இரண்டுமே இந்த மண்ணின் காட்டுயிர். ஒன்றை 150 மீட்டருக்கு மேல் நகர்த்தினால் குற்றம். இன்னொன்றைக் கிலோ கணக்கில் வாங்கிப் பொரியல் செய்யலாம்.

புதிதாக வரும் எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. இதற்கு விடை ஒரே கருத்தில் இருக்கிறது. நீடித்த பயன்பாடு என்று அதற்குப் பெயர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வட்டியை எடுத்துச் செலவழி, முதலைத் தொடாதே. ஒரு விலங்குக் கூட்டம் ஆண்டுதோறும் பெருகுகிற அளவுக்குள் மட்டும் எடுத்தால் கூட்டம் குறையாது என்பது அடிப்படை. கேட்க எளிது. யார் எண்ணுவது, யார் எடுப்பது, எடுத்ததில் யாருக்குப் பங்கு என்று கேட்கத் தொடங்கினால்தான் சிக்கல்.

காவல் ஏன் வந்தது?

இந்தக் கணக்கெல்லாம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. டாஸ்மேனியாவில் தைலசின் என்ற, முதுகில் வரி கொண்ட, பையில் குட்டி வளர்க்கும் ஊனுண்ணி இருந்தது. அது ஆடுகளைத் தின்கிறது என்று 1888 முதல் 1909 வரை தலைக்கு ஒரு பவுண்டு என்று அரசே பரிசு கொடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசுகள் கொடுக்கப்பட்டன. கடைசித் தைலசின் 1936 செப்டம்பரில் ஹோபார்ட் விலங்குக்காட்சிசாலையில் இறந்தது. குவீன்ஸ்லாந்தில் 1927 ஆகஸ்டில் கோலாக்களை வேட்டையாட ஒரே ஒரு மாதம் அனுமதி கொடுத்தார்கள். அந்த ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஆறு லட்சம் கோலாக்களின் தோல் போயிற்று. நாடே கொதித்தது. கோலாவை இன்று எல்லோரும் கொஞ்சுவதற்குப் பின்னால் அந்த வெட்கமும் இருக்கிறது.

இப்போது நிலைமை தலைகீழ். இந்த மண்ணில் தோன்றிய பாலூட்டி, பறவை, ஊர்வன எல்லாமே பொதுவாகக் காக்கப்பட்டவை. உங்கள் நிலத்தில் மேயும் கங்காரு உங்களுடையது அல்ல. அதைத் தொட மாநில அரசின் அனுமதி வேண்டும். அதன் இறைச்சியோ தோலோ வெளிநாடு போக வேண்டுமானால், 1999ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டப்படி அந்த மாநிலத்தின் வேட்டைத் திட்டத்துக்கு ஒப்புதல் இருக்க வேண்டும். ஆக, பாஸமும் கங்காருவும் ஒரே கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கங்காருவுக்கு மட்டும் சாவி கொடுத்து, அந்தச் சாவிக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

(கடல் தாண்டினால் பாஸத்தின் கதையும் மாறிவிடும். 1837இல் ரோமத் தொழிலுக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு எதிரி இல்லை. காட்டையும் பறவை முட்டையையும் தின்று தீர்த்தது. இன்று அங்கே அதைக் கொல்வதுதான் இயற்கைப் பாதுகாப்பு. அதன் ரோமத்தை மெரினோ கம்பளியோடு கலந்து நூற்ற கையுறைகளைச் சுற்றுலாக் கடைகளில் விற்கிறார்கள்.)

கங்காருவை எண்ணுவது எப்படி?

முதலில் பெயர். கேப்டன் குக்கின் ஆட்கள் ‘இது என்ன?’ என்று கேட்க, பூர்வகுடிகள் ‘தெரியாது’ என்று சொல்ல, அந்தச் சொல்லே ‘கங்காரு’ ஆனது என்று பள்ளியில் நமக்குச் சொல்லியிருப்பார்கள். அது கட்டுக்கதை. 1770இல் கப்பல் பாறையில் மோதி, இன்றைய குக்டவுன் பக்கம் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் கேட்டது கூகு இமிதிர் மொழிச் சொல்லை. அந்த மொழியில் ‘கங்குரு’ என்பது ஒருவகைப் பெரிய கங்காருவின் பெயர்தான்.

கங்காருவில் பல இனங்கள் உண்டு. பெருநிலத்தில் வணிகத்துக்குச் சுடப்படுபவை முக்கியமாக நான்கு: செங்கங்காரு, கிழக்குச் சாம்பல், மேற்குச் சாம்பல், பிறகு வல்லரூ. மற்ற பெரும்பாலான இனங்களைத் தொடக்கூடாது. அருகிவரும் பாறை வாலபியும் கங்காருக் குடும்பம்தான். ‘கங்காரு அழிகிறது’ என்று ஒருவரும் ‘கங்காரு கொழிக்கிறது’ என்று இன்னொருவரும் சண்டை போட்டால், இரண்டு பேரும் வேறு வேறு விலங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக்கூடும்.

சில மாநிலங்களில் சிறு விமானத்திலிருந்தும் சிலவற்றில் ஹெலிகாப்டரிலிருந்தும் எண்ணுகிறார்கள். விமானமென்றால் தரையிலிருந்து சுமார் 76 மீட்டர் உயரத்தில், மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில், வரைபடத்தில் போட்ட நேர்கோட்டில் பறக்கும். இறக்கையைத் தாங்கும் தண்டில் அடையாளக் குச்சிகள் கட்டியிருக்கும். அவற்றின் நடுவே தெரிகிற 200 மீட்டர் அகலப் பட்டைக்குள் தென்படும் கங்காருக்களை மட்டும் எண்ண வேண்டும். மரத்தடியில் படுத்திருப்பது கண்ணில் படாது. அதற்கென்று ஒரு திருத்த எண்ணால் பெருக்கி, மொத்தப் பரப்புக்கு விரித்துக் கணக்கிடுகிறார்கள்.

அந்த மொத்தத்தில் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டி ஒதுக்கீடு வரும். இனத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி கூடும், குறையும். ஒரு வட்டாரத்தில் ஒரு லட்சம் கங்காரு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அதிகபட்சம் 15,000தான் சுடலாம். வறட்சி வந்து எண்ணிக்கை சரிந்தால் ஒதுக்கீடும் சரியும். ஒரு கோட்டுக்குக் கீழே போனால் வேட்டையே நின்றுவிடும். நடைமுறையில் வாங்க ஆள் இல்லாததால் ஒதுக்கீட்டில் பாதிகூடப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அண்மை ஆண்டுகளில் நாடு முழுக்க ஆண்டுக்கு 10 முதல் 20 லட்சத்துக்குள்தான் சுடப்படுகின்றன.

வறட்சி என்று சொன்னேன் அல்லவா, இந்தப் பிராணியே வறட்சிக்கென்று செய்தது போல இருக்கும். செங்கங்காருவில் ஒரே தாய்க்கு வெளியே துள்ளும் குட்டி ஒன்று, பைக்குள் காம்பைக் கவ்விய குட்டி ஒன்று, வயிற்றில் வளர்ச்சியை நிறுத்திவைத்த கரு ஒன்று என மூன்று பிள்ளைகள் வரிசையில் நிற்கும். இரண்டு குட்டிக்கும் இரண்டு காம்பில் இரண்டு விதமான பால். பைக்குட்டி செத்தாலோ வெளியேறினாலோ, காத்திருந்த கரு வளரத் தொடங்கும். மழை அடியோடு பொய்த்தால் எல்லாமே நிற்கும். இதனால் எண்ணிக்கை ஊஞ்சல் போல ஆடுகிறது. நீண்ட வறட்சி முடிந்த 2010ஐ ஒட்டிக் கணக்கெடுத்த பகுதிகளில் இரண்டரைக் கோடி இருந்தது, சில ஆண்டுகளில் ஐந்து கோடியைத் தாண்டியது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு குட்டி போடும் பிராணி இவ்வளவு வேகமாகப் பெருகுமா, கணக்கில்தான் கோளாறு என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிழை கொஞ்சமாவது இருக்கும் என்று எண்ணித்தான் ஒதுக்கீட்டைத் தாழ வைத்திருக்கிறார்கள் என்பது மறுதரப்பு.

இரவு வேலை

சுடுபவர் சம்பள ஆள் இல்லை. உரிமம் வைத்திருக்கும் தனியாள். குறி தவறாமல் சுடுகிறாரா என்று தேர்வு வைத்த பிறகே உரிமம். பொழுது சாய்ந்ததும் யூட் என்று இங்கே சொல்லும் பின்பக்கம் திறந்த வண்டியில், கூரையில் விளக்கோடு கிளம்புவார். வெளிச்சம் பட்டால் கங்காரு ஓடாமல் நின்று பார்க்கும். ஒரே தோட்டா, தலையில். உடம்பில் பட்ட உடலை இறைச்சிக்கு வாங்க மாட்டார்கள் என்பதால், விதிக்காக இல்லாவிட்டாலும் காசுக்காகவாவது குறி சரியாக இருந்தாக வேண்டும். அங்கேயே குடலை எடுத்து, எண் போட்ட அட்டையைக் கட்டி, வண்டியின் கம்பியில் தொங்கவிட்டு, விடிவதற்குள் ஊர் ஓரத்துக் குளிரறையில் சேர்ப்பார். அந்த அட்டை எண்தான் ஒதுக்கீட்டுக் கணக்கில் ஒன்றைக் கழிக்கிறது.

பெண் கங்காருவைச் சுட்டால்தான் மனம் சங்கடப்படும். பையில் குட்டி இருந்தால் அதையும் உடனே கொல்ல வேண்டும் என்கிறது நடத்தைவிதி. பட்டினியில் சாவதைவிட அது மேல் என்பது காரணம். இதைக் கேட்ட பிறகு கங்காரு சாப்பிடுவதை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். இந்த எதிர்ப்பாலும், ஆண் பெரிதாக இருப்பதால் இறைச்சி அதிகம் என்பதாலும், இப்போது வணிகத்துக்குச் சுடப்படுபவற்றில் மிகப் பெரும்பகுதி ஆண்கள்தான்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1980லேயே மனிதர் சாப்பிடக் கங்காரு விற்கலாம் என்றார்கள். மற்ற மாநிலங்களில் 1993 வரை நாய், பூனைத் தீனியாகத்தான் விற்றது. அந்தப் பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. தோலோ உலகத்தரம், மெல்லியது, ஆனால் கிழியாது. கால்பந்து பூட்ஸுக்கு அதுதான் ராஜா என்றிருந்த காலம் மாறி, 2023இல் நைக்கியும் பூமாவும் கங்காருத் தோலைக் கைவிடுவதாக அறிவித்தன. இறைச்சியைப் பெருமளவு வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யா 2009இல் சுகாதாரக் காரணம் சொல்லி நிறுத்தியதும் தொழிலுக்குப் பெரிய அடி.

முதல் முறை சமைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொழுப்பு இரண்டு சதவீதம்கூடக் கிடையாது. மட்டன் போலக் குக்கரில் ஆறு விசில் விட்டால் செருப்புத்தோல்தான் மிஞ்சும். சதைத் துண்டில் மிளகும் உப்பும் தடவி, எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, காய்ந்த கல்லில் இரண்டு பக்கமும் சில நிமிடம் காட்டி, நடுவில் சிவப்பு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வால் மட்டும் இதற்கு நேரெதிர். ஆட்டுக்கால் சூப் பக்குவத்தில் மணிக்கணக்காகக் கொதிக்க வேண்டும்.

பங்கு யாருக்கு?

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் ஓட்டை இங்கேதான். கங்காரு மேய்வது பண்ணைக்காரரின் புல்லை. குடிப்பது அவர் ஆடுமாட்டுக்கென்று ஆழ்குழாய் போட்டு எடுத்த தண்ணீரை. அதைத் தின்னும் டிங்கோ நாயைத் தடுக்க, 5,600 கிலோமீட்டருக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீரும் தந்து எதிரியையும் விரட்டினால் பெருகாமல் என்ன செய்யும்? ஆனால் சுட்ட கங்காருவின் விலை சுட்டவருக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. பண்ணைக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அவருக்கு அது களை. அதனால் சேதத்தைக் காட்டித் தனி அனுமதி வாங்கி, சுட்டு, அப்படியே வயலில் போட்டுவிடுகிறார். அங்கே குறித் தேர்வுக் கெடுபிடியும் இல்லை, குளிரறையும் இல்லை. நல்ல இறைச்சி அழுகுகிறது. கடைத் தட்டில் இருக்கும் கங்காருவைவிட இந்தக் கங்காருவுக்காகத்தான் நான் வருத்தப்படுவேன். புல்வெளியைக் குளம்பால் மிதித்துக் கெடுக்காத, மாட்டைப் போல மீத்தேனைக் கக்காத ஒரு பிராணியை விரட்டிவிட்டு, அதே இடத்தில் மாட்டை வளர்க்கிறோம்.

பங்கு சரியாகப் போன இடத்தைப் பார்க்க வடக்கே போக வேண்டும். உவர்நீர் முதலை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, வடக்குப் பிரதேசத்தில் 1971இல் காவல் போட்டபோது ஏறக்குறைய 3,000தான் மிஞ்சியிருந்தன. இன்று ஒரு லட்சத்தை ஒட்டி. ஆளை விழுங்கும் பிராணி இப்படிப் பெருகினால் ஊர் சும்மா இருக்குமா? காவல் பலித்து முதலைகள் கூடக் கூட, மனிதர் மீதான தாக்குதலும் வந்தது. சுட்டுத் தள்ளுங்கள் என்று குரல் எழுந்தது. அப்போது 1980களில் கண்டுபிடித்த வழிதான் முட்டை.

தாய் முதலை மழைக்காலத்தில் சதுப்பில் புல்லையும் சேற்றையும் குவித்துச் சுமார் ஐம்பது முட்டை இடும். வெள்ளம் வந்தால் கூடே மூழ்கிவிடும். பொரித்து வருபவற்றிலும் வளர்ந்து பெரிதாவது மிகச் சிலதான். வெள்ளத்தில் போகப்போகிற முட்டையை முன்னாலேயே எடுத்தால் நஷ்டம் யாருக்கும் இல்லை. அப்படி எடுப்பவர்கள் நில உரிமையாளருக்கு முட்டைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். அந்தச் சதுப்புகளில் பெரும்பகுதி பூர்வகுடி மக்களின் நிலம். எடுப்பது லேசான வேலை இல்லை. ஹெலிகாப்டரில் கயிற்றில் தொங்கி இறங்க வேண்டும். தாய் பக்கத்திலேயே காத்திருக்கும். முட்டைகள் பண்ணையில் பொரிந்து வளர்ந்து, தோல் ஐரோப்பாவின் விலையுயர்ந்த கைப்பைகளாகிறது. சதுப்பை வடிகட்டி மாடு மேய்ப்பதைவிட முதலையோடு இருக்க விடுவது லாபம் என்றான பிறகு, சதுப்பும் தப்பியது, அதிலுள்ள பறவையும் மீனும் தப்பின. முதலைத் தொடாமல் வட்டி எடுப்பது என்றால் இதுதான். தமிழில் அந்தச் சொல் இங்கே இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

பண்ணை மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே சந்தை வேண்டும். நமக்கு இது நன்றாகத் தெரியும். இதே நாட்டுப் பறவையான ஈமுவை ‘ஈமு கோழி’ என்று ஈரோடு, பெருந்துறைப் பக்கம் வளர்க்கச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். 2012இல் எல்லாம் கவிழ்ந்தது. அங்கே பறவையை வாங்க ஆள் இல்லை. அடுத்துச் சேர்பவர் போடும் பணமே வருமானமாக இருந்தது. பறவை மேல் குற்றமில்லை.

படகில் மோட்டார் இருந்தால் மரபு இல்லையா?

இதுவரை சொன்னது இருநூற்றுச் சொச்ச ஆண்டுக் கதை. இந்த மண்ணில் மனிதர்கள் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த விலங்குகளோடு வாழ்ந்து, உண்டு வந்திருக்கிறார்கள். குளிர்ந்த பருவத்தில் புல்லைச் சிறுசிறு திட்டுகளாக எரிப்பார்கள். மழைக்குப் பின் அங்கே இளம்புல் துளிர்க்கும். கங்காரு தானே தேடி வரும். நடுப்பாலையின் பிட்ஜன்ஜஜாரா மக்கள் செங்கங்காருவை ‘மாலு’ என்பார்கள். ரோமத்தைத் தீயில் பொசுக்கி, குழி தோண்டி, தணலில் முழுதாகப் புதைத்துச் சுடுவார்கள். எப்படி வெட்டுவது, எந்தத் துண்டு யாருக்கு என்பதெல்லாம் முறைப்படி. மனம் போனபடி வெட்டினால் அது முறைகேடு.

இந்த உரிமையை இன்றைய சட்டம் எப்படிப் பார்க்கிறது? 1994இல் குவீன்ஸ்லாந்தின் கார்ப்பென்டாரியா வளைகுடாப் பக்கம் மர்ரண்டூ யானர் என்ற கங்கலிடா இனத்தவர், மரபுவழி எறியீட்டியால் இரண்டு இளம் முதலைகளைப் பிடித்தார். கொஞ்சத்தைக் குடும்பத்தோடு உண்டார், மிச்சத்தை வீட்டு ஃப்ரீசரில் வைத்தார். உரிமம் இல்லை என்று வழக்கு. காட்டுயிர் அரசின் சொத்து என்று மாநிலச் சட்டம் சொல்கிறதே, அப்புறம் பூர்வகுடிக்கு ஏது உரிமை என்பது அரசுத் தரப்பு. 1999இல் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 5க்கு 2 என்ற கணக்கில் யானர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ‘அரசின் சொத்து’ என்றால் நீங்கள் வீடு வாங்கி வைத்திருப்பது போன்ற சொத்து அல்ல. ஒழுங்குபடுத்தும் அதிகாரத்துக்கு அப்படி ஒரு பெயர், அவ்வளவுதான். 1993ஆம் ஆண்டின் பூர்விக உரிமைச் சட்டப்படி, சொந்தத் தேவைக்கும் சமூகத் தேவைக்கும் வேட்டையாட அவருக்கு உரிமம் தேவையில்லை. அவர் போனது மோட்டார் படகில். அதனால் மரபு கெட்டுவிடவில்லை.

டாஸ்மேனியாவின் பூர்வகுடிகள் யூலா என்று அழைக்கும் கடற்பறவையின் அறுவடை இன்னொரு வகை. பெற்றோரைவிடக் கனமாகக் கொழுத்துக் கிடக்கும் குஞ்சுகளை மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஃபர்னோ தீவுகளின் வளைகளிலிருந்து எடுப்பார்கள். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். உள்ளே குஞ்சுக்குப் பதில் புலிப்பாம்பும் இருக்கலாம்.

சாலையில்

நகரத்தில் இருப்பவர்களுக்கு வேட்டையைவிட அண்டை வீட்டுக்காரனாக இருப்பதுதான் அன்றாடக் கேள்வி. வசந்தத்தில் மேக்பை பறவை கூட்டுக்குப் பக்கம் வருபவர் தலையைக் குறிவைத்துப் பாயும். சைக்கிள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டிகளை முள்ளம்பன்றி போலக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். சாலையில் கங்காருதான் பெரிய ஆபத்து, அதுவும் விடியலிலும் அந்தியிலும். குறுக்கே வந்தால் பிரேக்கை நேராக அழுத்துங்கள். ஸ்டியரிங்கை ஒடித்தால் மரத்தில்தான் போய் நிற்போம்.

ஒருமுறை மட்ஜியிலிருந்து திரும்பும்போது, சாலையில் ஒரு பெண் கங்காரு அடிபட்டுக் கிடந்தது. வண்டியில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரும் இருந்தார். நிறுத்தச் சொல்லி இறங்கி, டிக்கியிலிருந்து கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு, பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். குட்டி உயிரோடு இருந்தால் காம்பிலிருந்து இழுக்கவே கூடாது, காம்பு அதன் வாய்க்குள் வீங்கிப் பிடித்திருக்கும், மீட்பர்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே துழாவினார். தனியாகக் கிடைத்தால் தலையணை உறையில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். பசும்பால் கொடுத்தால் வயிறு கெட்டுச் செத்துவிடும்.

பை காலியாக இருந்தது. வாலைப் பிடித்துச் சாலையோரத்துக்கு இழுத்துப் போட்டார். இல்லாவிட்டால் தின்ன வரும் கழுகும் அடிபடும். அப்புறம் பெயின்ட் டப்பாவை எடுத்து அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி அடித்தார். பின்னால் வருபவர்கள் நிறுத்த வேண்டாம், பார்த்தாகிவிட்டது என்று பொருளாம்.